ரிமோட் கார் ஓடவில்லையா? திருத்துவதா, புதிதாக வாங்குவதா

பாடசாலை விடுமுறை வந்தால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் காரும் கையுமாக என் வாசலில் நிற்பார்கள். "மாமா, இது ஓடுதில்லை." பின்னால் வரும் தாய் கேட்பது வேறு: "இதைத் திருத்தலாமோ, இல்லாட்டி எறிஞ்சுபோட்டு வேற வாங்கிறதோ?" 2022இல் சாமான் விலை ஏறியதற்குப் பிறகு இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை.

திருகோணமலையில் இந்தக் கார்களைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று: பற்றரி, கடற்கரை மணல், உப்புக்காற்று. என் கைக்கு வந்தவற்றில் போர்ட், அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை, உண்மையாகவே எரிந்தவை கொஞ்சம்தான். ஆனால் "போர்ட் போயிட்டுது" என்று சொல்லி குப்பைக்குப் போன கார்கள் நிறைய. அதனால் அளந்து பார்க்காமல் எதையும் எறிய வேண்டாம். கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் கார் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

இது பெட்டியில் ரிமோட்டோடு சேர்த்து விற்கும் விளையாட்டுக் கார்களுக்கானது. ஒவ்வொரு பாகமும் தனியாகக் கடையில் கிடைக்கும் பெரிய பந்தயக் கார்களின் கணக்கு வேறு.

கையில் இருக்க வேண்டியவை

சின்ன நட்சத்திரத் தலை ஸ்குரூட்ரைவர், வோல்ற் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மீற்றர் ஒன்று, பழைய பல் பிரஷ், பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட், ஊசி ஒன்று, புதிய அல்கலைன் பற்றரி இரண்டு. ஈயம் வைக்கும் அயன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதி வேலை முடியும். கழற்றும் ஸ்குரூக்களை ஒரு சிரட்டையில் போட்டு வையுங்கள். நீளமும் கட்டையும் கலந்திருக்கும். நீளமானதைக் கட்டையின் இடத்தில் முறுக்கினால் மேல் கூடு துளைத்துப் போகும்.

## ஒன்றுமே இல்லை: வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை

முதலில் ரிமோட்டைப் பாருங்கள், காரை அல்ல. ஒரு பொத்தானை அழுத்தும்போது ரிமோட்டின் சிவப்பு வெளிச்சம் எரிகிறதா? எரியாவிட்டால் அதன் பற்றரிதான் முதல் சந்தேகம். பிள்ளைகள் ஒரு பற்றரியைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். இதைப் பார்க்காமல் காரைக் கழற்றியவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது சுருள் கம்பிகள். எங்கள் ஊரில் இதற்குத் தனி மரியாதை கொடுக்க வேண்டும். கடலுக்கு அண்மையில் இருக்கும் வீட்டில் ஒரு மாரி முழுக்க அலுமாரியில் கிடந்த காரின் பற்றரிக் கூட்டைத் திறந்தால், சுருளில் பச்சைப் பூச்சோ வெள்ளைப் பொடியோ இருக்கும். பச்சை, உப்புக்காற்றின் வேலை. வெள்ளைப் பொடி, அல்கலைன் பற்றரி கசிந்தது. அது காரத்தன்மையானது, கையில் பட்டால் கடிக்கும். பல் பிரஷில் தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி இரண்டு துளி தொட்டுத் தேயுங்கள். பொங்கி அடங்கும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஸ்பிரிட் தடவி, நன்றாகக் காயவிடுங்கள். சுருள் உள்ளே அரித்து மெலிந்திருந்தால் பழைய ரிமோட் ஒன்றிலிருந்து சுருளைக் கழற்றிப் போடலாம்.

இப்போது காரின் பற்றரிப் பெட்டியை, அதாவது செல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டை, மீற்றரால் அளந்து பாருங்கள். 4.8 வோல்ற் என்று எழுதியிருக்கும் நிக்கல் பெட்டியில் 1.2 வோல்ற் செல் நான்கு இருக்கும். நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 5 வோல்றுக்கு மேல் காட்டும். 3.6 அல்லது 3.8 போல் காட்டினால் ஒரு செல் செத்துவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒற்றை லிதியம் பற்றரி முழுச் சார்ஜில் 4.2 வோல்றுக்குக் கிட்ட நிற்கும். அது மாதக்கணக்கில் கிடந்து 2.5 வோல்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் திரும்பச் சார்ஜ் ஏற்ற முயல வேண்டாம். உள்ளே கெட்டிருக்கும், ஏற்றும்போது சூடாகி வீங்கலாம்.

பற்றரி சரியாக இருந்தால் ஆன் ஓஃப் சுவிட்ச். ஸ்பிரிட் ஒரு துளி விட்டு இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். அதற்கும் உயிர் வராவிட்டால் நான்கு ஐந்து ஸ்குரூவைக் கழற்றிக் கூட்டைத் தூக்கி, பற்றரியிலிருந்து போர்டுக்குப் போகும் சிவப்பு, கறுப்பு வயர்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று மெல்ல இழுத்துப் பாருங்கள். ஈயம் விட்டு வயர் தொங்குவது அடிக்கடி நடக்கிற விஷயம். போர்ட் வரைக்கும் வோல்ற் வந்து, அதற்கு மேலும் ஒரு அசைவும் இல்லை என்றால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

## இரண்டு நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது, அல்லது ஊர்ந்து போகிறது

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான், பெரும்பாலும் மலிவாகத் தீர்வதும் இதுதான்.

கார் பென்டோச் (AA) பற்றரியில் ஓடுவதானால், அதில் என்ன பற்றரி போட்டீர்கள்? மிகக் குறைந்த விலையில் விற்கும் கார்பன் சிங்க் பற்றரி மணிக்கூட்டுக்கும் டிவி ரிமோட்டுக்கும் போதும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அது தாங்காது. புதிதாகப் போட்டாலும் கார் நொண்டும். அல்கலைன் போட்டுப் பாருங்கள், அதிலேயே சரியாகிவிட்டால் மேலே வாசிக்கத் தேவையில்லை.

சார்ஜ் ஏற்றும் பற்றரியானால் சுமையோடு அளக்க வேண்டும். காரைத் தூக்கிப் பிடித்து, சில்லு சுற்றும்போதே மீற்றரை வையுங்கள். சும்மா இருக்கும்போது 5.2 காட்டிய பெட்டி, சில்லு சுற்றியதும் 4 வோல்றுக்குக் கீழே சரிந்தால் அது கிழடாகிவிட்டது. ஒற்றை லிதியம் 3.3க்குக் கீழே சரிந்தாலும் அப்படித்தான்.

கிழடானதற்குக் காரணம் பெரும்பாலும் சார்ஜர். 4.8 வோல்ற் பெட்டியோடு வரும் 250 மில்லிஅம்பியர் சார்ஜர்களில் பல தானாக நிற்பதில்லை. அதில் எரியும் வெளிச்சம் கரண்ட் வருகிறது என்று மட்டும் சொல்லும், நிறைந்துவிட்டது என்று சொல்லாது. 700 மில்லிஅம்பியர் மணி நிக்கல் பெட்டிக்கு நான்கு மணித்தியாலம் போதும். இரவு முழுக்க விட்டால் அது கொதித்துக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் செத்துவிடும். ஓடி முடித்த கையோடு சூட்டிலேயே சார்ஜில் போடுவதும் கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முற்றத்துச் சீமெந்தில் ஓடிய காரின் பற்றரியைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் போடுங்கள்.

புதுப் பெட்டி வாங்கும்போது நான்கு விஷயம் பார்க்க வேண்டும். வோல்ற் அதேதானா? பழையதும் புதியதும் ஒரே வகையா, அதாவது நிக்கலுக்கு நிக்கல், லிதியத்துக்கு லிதியமா? இடத்துக்குள் அடங்குமா? பிளக்கில் சிவப்பும் கறுப்பும் அதே பக்கமா? கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுவார்கள். பார்வைக்கு ஒரேமாதிரிப் பிளக் என்றாலும் வயர் இடம் மாறி வருவதுண்டு. அப்படியே குத்தினால் போர்ட் அந்த நொடியிலேயே போய்விடும். பழையதைக் கையில் கொண்டுபோய்க் கடையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "வேகமாய் ஓடும் தம்பி, 7.2 போடுங்கோ" என்று கடைக்காரர் சொன்னாலும் 4.8 காருக்கு அதைப் போட வேண்டாம். ஒரு பின்னேரம் பறக்கும், பிறகு போர்டிலிருந்து புகை வரும். நிக்கல் சார்ஜரை லிதியத்துக்கு எக்காரணத்துக்கும் மாற்றிப் போடாதீர்கள்.

பற்றரி நல்லது, ஆனாலும் ஊர்கிறது என்றால் அச்சைப் பாருங்கள். சில்லுக்கும் உடலுக்கும் நடுவில் தலைமயிர், நூல், புல் எல்லாம் முறுக்கிச் சுற்றியிருக்கும். கோட்டைப் பக்கம் புல்தரையில் ஓட்டிய கார் என்றால் நிச்சயம் இருக்கும். பிளேட்டால் வெட்டி ஊசியால் இழுத்தெடுங்கள். அங்கே நிற்கும் மான்களுக்குக் கிட்ட காரை விடப் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டாம். வெருண்டால் அவை வீதிக்குப் பாயும்.

## மோட்டார் சத்தம் வருகிறது, சில்லு சுற்றவில்லை

இந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு நிம்மதி. பற்றரி, ரிமோட், போர்ட், மோட்டார் நான்கும் உயிரோடு இருக்கின்றன. கெட்டது பல்சக்கரம் மட்டும்.

சத்தத்தைக் கவனியுங்கள். தடையில்லாமல் "ஙீ" என்று இரைந்தால், மோட்டார் அச்சில் குத்தியிருக்கும் சின்னப் பல்சக்கரம் வெடித்து வழுக்குகிறது. "டக டக" என்று கடித்தால் உள்ளே பெரிய சக்கரத்தில் பல் போயிருக்கிறது, அல்லது கல் ஒன்று சிக்கியிருக்கிறது.

பின் அச்சுப் பெட்டியைத் திறந்து சின்னச் சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரளவு வெடிப்பு ஒன்று பல்லின் அடியில் தெரியும். வெள்ளைப் பிளாஸ்ரிக், எண்ணினால் எட்டுப் பல்லோ பத்துப் பல்லோ இருக்கும். அச்சின் தடிப்பு பெரும்பாலும் 2 மில்லிமீற்றர். இதைப் பசையால் ஒட்டி நான் வென்றதே இல்லை. அச்சு வழுவழுப்பு, இழுவை அதிகம், அடுத்த நாளே வழுக்கும். பல் எண்ணிக்கையும் துளையும் ஒத்த இன்னொன்றுதான் தீர்வு. பழைய காரிலிருந்து எடுக்கலாம், இணையத்தில் பை பையாகவும் விற்கிறார்கள். இரண்டு தட்டை ஸ்குரூட்ரைவரை இருபக்கமும் கொடுத்து நெம்பினால் பழையது கழன்றுவிடும். புதியதை ஏற்றும்போது மோட்டாரின் பின்பக்க அச்சு நுனி கெட்டியான ஒன்றில் தாங்கியிருக்கட்டும். மோட்டார் கூட்டைத் தரையில் வைத்து மேலிருந்து அடித்தால் பின் மூடி பிய்ந்துவிடும்.

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னேரம் டச்சுக்குடா கடற்கரையிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் காரை விட்டால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கார்களின் பல்சக்கரப் பெட்டி மூடியிருப்பது போலத் தெரிந்தாலும் உண்மையில் மூடியிருப்பதில்லை. உள்ளே பூசியிருக்கும் கிரீஸில் மணல் ஒட்டினால் அது அரம் போல வேலை செய்து பல்லைத் தின்றுவிடும். எங்கள் மாவட்டத்தின் புல்மோட்டைக் கரை இல்மனைற் என்ற கனிமம் கலந்த கறுப்பு மணலுக்குப் பேர்போனது. அந்த மணலில் காந்தம் இழுக்கும் துகள்கள் உண்டு, மோட்டாருக்குள் இருப்பதோ காந்தம். கறுப்பு மணல் கண்ட கரையில் ஓடிய காரைத் தட்டி மட்டும் சுத்தம் செய்ய முடியாது. பெட்டியைத் திறந்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, பிரஷால் பல்லுப் பல்லாகத் தேய்த்து, வெள்ளைக் கிரீஸ் மெல்லிதாகப் பூசுங்கள். பெற்றோலும் தின்னரும் வேண்டாம், பிளாஸ்ரிக்கைக் கரைத்து உடையச் செய்யும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள் போனால் பிசுபிசுத்து இன்னும் மணலைப் பிடிக்கும்.

பெரிய சக்கரத்தில் பல் போயிருந்தால் கதை கடினம். அதே மாதிரிக் காரின் பிணம் ஒன்று கிடைக்காவிட்டால் அந்தச் சக்கரம் தனியாகக் கிடைப்பது அரிது. பின் அச்சுப் பெட்டி முழுதாக விற்பனைக்கு இருந்தால் விலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

## முன்னுக்குப் போகிறது, பின்னுக்கு வரவில்லை

எதிர்மாறாகவும் இருக்கலாம். வழி ஒன்றுதான்.

மோட்டாரின் இரண்டு வயரில் இரண்டு பென்டோச் பற்றரியை நேராகத் தொட்டுப் பாருங்கள், பிறகு வயரை மாற்றித் தொடுங்கள். இரண்டு பக்கமும் சுற்றினால் மோட்டார் நல்லது. இனி ரிமோட்டா, போர்டா என்பதுதான் கேள்வி. முன் பொத்தானுக்கு எரியும் ரிமோட் வெளிச்சம் பின் பொத்தானுக்கு எரியாவிட்டால் குற்றம் ரிமோட்டில். திறந்தால் பொத்தானுக்கு அடியில் கறுப்பு ரப்பர்ப் பட்டையோ பித்தளைத் தகடோ இருக்கும். ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிள்ளையின் கையிலிருந்து இறங்கிய ஐஸ்கிறீமையும் வியர்வையையும் அங்கே நிறையக் கண்டிருக்கிறேன். இரண்டு பொத்தானுக்கும் வெளிச்சம் எரிந்து, பின் பொத்தானை அழுத்தும்போது மோட்டார் முனையில் மீற்றர் ஒன்றும் காட்டாவிட்டால், போர்டில் அந்தத் திசைக்கு மோட்டாருக்குக் கரண்ட் விடும் சின்ன உறுப்பு, அதாவது ட்ரான்சிஸ்டரோ ஐசியோ, போய்விட்டது.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். ஈயம் வைக்கத் தெரிந்தவருக்கு ட்ரான்சிஸ்டர் மாற்றுவது சின்ன வேலை, சாமான் விலையும் சொற்பம். தெரியாதவர் தொட்டால் போர்டின் செப்புக் கோடு கிளம்பிவிடும். கைபேசி திருத்தும் கடைகளில் இந்த நுணுக்க வேலை செய்வார்கள். கொடுக்கும் முன் "பார்க்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். மாற்றுவதற்கு முன் மோட்டார் இறுகியிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுகிய மோட்டார்தான் ட்ரான்சிஸ்டரை எரித்திருக்கும், அதை அப்படியே விட்டால் புதியதும் எரியும்.

## ஒரு பக்கம் இழுக்கிறது, திரும்பவில்லை

காரைக் கவிழ்த்து முன்பக்கம் பாருங்கள். சின்ன நெம்பு ஒன்று இடம் வலமாக அசையும். அதுதான் நேராக்கும் திருத்தி. அதை யாரோ தள்ளியிருப்பார்கள்.

அதுவல்லாவிட்டால் முன் சில்லைக் கையால் திருப்புங்கள். கரகரத்தால் மணல், கழுவிக் காயவிடுங்கள். விட்டால் நடுவுக்குத் திரும்பி வராவிட்டால் உள்ளே உள்ள மெல்லிய சுருள் கம்பி கழன்றிருக்கும். திருப்பும் பெட்டிக்கு இரண்டு வயர் போனால் உள்ளே வெறும் மோட்டாரோ காந்தச் சுருளோதான், திருத்தலாம். ஐந்து வயர் போனால் அது சில்லு திரும்பிய நிலையை அறியும் சேர்வோ மோட்டார். அதைப் பிரித்துத் திருத்துவதை விட முழுதாக மாற்றுவதே நல்லது. சுவரில் மோதி முன் கை முறிந்திருந்தால், தடித்த மீன்பிடி நரம்பால் வரிந்து கட்டி மேலே ஈப்பொக்சி பூசினால் நிற்கும். நரம்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

## சொல்வதைக் கேட்பதில்லை: கிட்ட மட்டும் ஓடுகிறது, தானாக ஓடுகிறது

ரிமோட்டில் நீள ஏரியல் இருந்தால் அது பெரும்பாலும் 27 அல்லது 49 மெகாஹேர்ட்ஸ் கார். ஏரியலை முழுதாக இழுத்து, காருக்குள் இருக்கும் மெல்லிய ஏரியல் வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் அதே நீளத்துக்கு வயர் ஒட்டினால் போதும். ஒரே விடுமுறையில் ஒழுங்கையில் இரண்டு 27 கார்கள் ஓடினால் ஒன்றின் ரிமோட் மற்றதை ஆட்டும். அது பழுதல்ல.

ஏரியல் தெரியாத 2.4 கிகாஹேர்ட்ஸ் கார்கள் ரிமோட்டோடு சேர வேண்டும். இரண்டையும் நிறுத்தி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் காரையும் பிறகு ரிமோட்டையும் போடுங்கள். சேராவிட்டால் வரிசையை மாற்றுங்கள்.

மோட்டார் சுற்றும்போது மட்டும் கார் துடிதுடித்தால் மோட்டார் முதுகில் பாருங்கள். 104 என்று எழுதிய சின்னக் கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். அது முறிந்து விழுந்தால் மோட்டாரின் இரைச்சல் ரேடியோவைக் குழப்பும். மோட்டாரை மாற்றும்போது பழையதிலிருந்து இதைக் கழற்றி ஒட்ட மறப்பதும் வழக்கம்.

## கடல் தண்ணீரில் விழுந்தது

இதில் நேரம்தான் முக்கியம். கரையில் நின்றபடியே பற்றரியைக் கழற்றுங்கள், "ஓடுதா பாப்பம்" என்று சுவிட்சைப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கூட்டைத் திறந்து போர்டையும் மோட்டாரையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தண்ணீரில் விழுந்ததைத் திரும்பக் கழுவுவதா என்று பயப்பட வேண்டாம், கெடுப்பது உப்பு. பிறகு ஸ்பிரிட்டில் பிரஷ் தொட்டுத் தேய்த்து, நிழலில் காற்றுப்பட இரண்டு நாள் காயவிடுங்கள். மோட்டார் அச்சு இரு முனைக்கும் ஒரு துளி மெஷின் எண்ணெய் விடுங்கள்.

அன்றே கழுவியவை பலதும் என்னிடம் பிழைத்தன. ஒரு வாரம் கழித்து வந்தவற்றில் போர்ட் பச்சை பிடித்து ஐசியின் கால்களே அரித்துப் போயிருந்தன. அப்படியானால் திருத்தக் காசு செலவழிக்க வேண்டாம். நனைந்த லிதியம் பற்றரியை எப்படியிருந்தாலும் திரும்பப் பாவிக்காதீர்கள்.

## சூடு, மணம், புகை

சுவிட்சை நிறுத்துங்கள், பற்றரியின் பிளக்கை உடனே இழுங்கள். லிதியம் பற்றரி வீங்கியிருந்தாலோ சூடு ஏறிக்கொண்டே போனாலோ அதைத் தொடாமல் பிள்ளைகளை விலக்குங்கள். கார் வீட்டுக்குள் இருந்தால் பற்றரியில் கை படாமல் காரோடு முற்றத்துக்குக் கொண்டுபோய் வெறும் மணலில் வையுங்கள். புகை தொடங்கிவிட்டால் தூக்கவும் வேண்டாம்.

புகை வந்த இடத்தைப் பிறகு பாருங்கள். மோட்டார் மட்டும் கருகியிருந்தால் மாற்றலாம், அதே அளவு மோட்டார்கள் மலிவு. போர்டில் கரும்பொட்டு இருந்தால் அந்தக் காருக்குப் போர்ட் முடிந்தது.

## சரி, திருத்துவதா, வாங்குவதா?

என் கணக்கு இது. பற்றரி, சுருள், சுவிட்ச், வயர், சின்னப் பல்சக்கரம், மோட்டார் இவற்றில் ஒன்று கெட்டிருந்தால் யோசிக்காமல் திருத்துங்கள். இரண்டு சேர்ந்து கெட்டிருந்தால் செலவைக் கூட்டிப் பாருங்கள், அதேமாதிரிப் புதுக் காரின் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். போர்ட் எரிந்து ரிமோட்டும் போயிருந்தால், அல்லது பின் அச்சுப் பெட்டியும் போர்டும் ஒன்றாகப் போயிருந்தால் வாங்குங்கள். போர்டும் ரிமோட்டும் சோடியாக வருபவை. ரிமோட் தொலைந்த நல்ல காருக்கு இன்னொரு ரிமோட் சேர்வது அரிது. ஆனால் போர்ட், ரிமோட் சோடி இணையத்தில் மலிவாகக் கிடைத்து, ஈயம் வைக்க ஆளும் இருந்தால் அதுவும் வழிதான்.

பிள்ளையிடம் ஒரு சொல் கேளுங்கள். தாத்தா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார் என்றால் மூன்றில் ஒன்று கணக்கை நான் பார்ப்பதில்லை. அப்படி ஒரு காருக்கு வேறொரு காரின் போர்டையும் ரிமோட்டையும் இறக்கி ஓடவைத்திருக்கிறேன். திரும்பும் வேகம் கொஞ்சம் குறைந்தது, அந்தப் பிள்ளை அதைக் கவனிக்கவே இல்லை.

செத்த காரைக் கொடுக்கும் முன் கழற்ற வேண்டியவை: மோட்டார்கள், அச்சோடு பல்சக்கரங்கள், சில்லுகள், பற்றரிப் பிளக்குகள், சுருள்கள், எல்லா ஸ்குரூவும். ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு வையுங்கள். அடுத்த காரின் சாமான் பாதி அதற்குள் இருக்கும். பற்றரியை மட்டும் வீட்டுக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். லிதியம் தீயில் வெடிக்கும், நிக்கல் கட்மியத்தின் புகை நஞ்சு. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்து, இலத்திரனியல் கழிவு சேர்ப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.